மடங்காத டிரெய்னர்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாட்ச்மேன் கௌஸ் முகம்மது அழைப்பு மணியை அடித்து, சந்திரகலாவிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், காலி கார்ட்டன் பெட்டி வேணுங்களா? பெருசு பெருசா, நனையாததா பாத்து எடுத்து வெச்சிருக்கேன்."

சந்திரகலாவின் கையில் தோசைத் திருப்பி இருந்தது.

"எதுக்குக் கார்ட்டன்?"

"சும்மாதான் மேடம். கேட்டு வெச்சேன்."

சொல்லிவிட்டு, லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு நின்றும் அதில் ஏறாமல், ஏழு மாடியையும் படி வழியாகவே இறங்கிப் போய்விட்டார். கௌஸ் முகம்மது ஆம்பூர்க்காரர். முழங்கால் வலிக்கு மூன்று விதத் தைலம் தடவுகிறவர். அவர் படியில் ஓடினார் என்றால் படியைவிட பயங்கரமான ஒன்று அந்த வாசலில் இருந்தது என்று அர்த்தம்.

அபுதாபியில் பதினேழு வருஷம் குடியிருந்தவளுக்கு இது போதும். ஒரு கட்டடத்தில் யார் காலி செய்யப் போகிறார்கள் என்பது முதலில் கம்பெனிக்குத் தெரியும். இரண்டாவது வாட்ச்மேனுக்கு. போகிறவருக்கு மூன்றாவதாக. அவர் மனைவிக்குக் கடைசியில்.

போன வருஷம் மூன்றாம் மாடி லெபனான்காரருக்கும் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ட்டன் வந்தது. அவர் சிரித்தார். திங்கட்கிழமை அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கட்டடம் முழுக்க இனிப்பு கொடுத்தார். வியாழக்கிழமை, மிஞ்சிய இனிப்பையும் அதே கார்ட்டனில் போட்டுக் கட்டிக்கொண்டு பெய்ரூட் போனார். மனிதர்கள் பொய் சொல்வார்கள். கார்ட்டன் சொல்லாது.

கதையைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். இப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும்.

கல்யாணசுந்தரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கட்டுமானக் கம்பெனி ஒன்றில் எஸ்டிமேஷன் இன்ஜினியர். அதாவது எந்தக் கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறவர். ஜூன் மாதக் கடைசியில், லிஃப்டில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே அவருக்கு நெஞ்சு வலித்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். வெயிலில் கூடாது, வேகம் கூடாது, நாடித் துடிப்பு நூற்றுப் பத்தைத் தாண்டவே கூடாது.

ஆகவே இந்தப் புதன்கிழமை, நகவெட்டி வாங்குவதற்கே மூன்று பேரிடம் யோசனை கேட்கிற கல்யாணசுந்தரம், ஒரு டிரெய்னர் வாங்கப் போவதாகச் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார். வேறொன்றுமில்லை, ஓர் இரும்பு ஸ்டாண்டு. சைக்கிளின் பின் சக்கரத்தை அதில் பூட்டிவிட்டால் வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம். எவ்வளவு மிதித்தாலும் சுவரில் மாட்டிய காலண்டர் அதே தூரத்தில்தான் இருக்கும்.

சந்திரகலா அன்றிலிருந்து வேண்டாம் என்று சொல்லி வருகிறாள். விலைக்காக அல்ல.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, அவர் மூன்று மணிக்கே ஆபீஸிலிருந்து வந்துவிட்டார். வந்தவர் காரை நிறுத்தினார், இறங்கவில்லை. ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்ததை அவள் பால்கனியிலிருந்து பார்த்தாள். மேலே வந்ததும் கேட்டாள்.

"ஒண்ணுமில்லை" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இப்படி "ஒண்ணுமில்லை" என்று சொன்னது மூன்றே தடவை. முதல் தடவை, அவருடைய அப்பா இறந்து போயிருந்தார். இரண்டாம் தடவை, கம்பெனி நாலு மாதமாகச் சம்பளம் போடவில்லை. மூன்றாம் தடவை லிஃப்டில் சொன்னார், சொல்லிக்கொண்டே சரிந்தார். செவ்வாய்க்கிழமை சொன்னது நாலாவது.

மகள் சுஷ்மிதா பன்னிரண்டாம் வகுப்பு. பிப்ரவரியில் போர்டு பரீட்சை. அப்பாவின் வேலையில் தொங்குகிறது அம்மாவின் விசா. அதே ஆணியில் தொங்குகிறது மகளின் விசாவும். ஆணி ஆடுகிறதா இல்லையா என்பதுதான் சந்திரகலாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கார்ட்டன் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அப்பா, ரிவ்யூ எல்லாம் பாத்துட்டேன்" என்றாள் சுஷ்மிதா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "சீப் மாடல்ல மூணு பிராப்ளம். சத்தம் வரும். பின் டயர் தேயும். ரொம்ப நேரம் மிதிச்சா சூடாகும்."

"நல்லது ஏதாவது இருக்கா?"

"இருக்கு. மிதிச்சா சுத்தும்."

"அது போதும்" என்றார் கல்யாணசுந்தரம்.

"கீழ் வீட்டு நர்ஸ் நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து பகல்லதான் தூங்குறா" என்றாள் சந்திரகலா. "நீங்க மேல நின்னு மாவு மெஷின் ஓட்டுனா அவ எங்க போவா?"

"ரப்பர் மேட் போடலாம்மா."

"போட்டு? ரெண்டு வாரம் மிதிப்பாரு. மூணாவது வாரம் அதுல ஈரத் துணி காயும். நாலாவது வாரம் அது எங்கிட்டு இருக்குன்னு தேடணும். பேசாம மால்ல நடங்க. ஊரே அங்கதான நடக்குது, ஏசியில?"

"மால் வேணாம் கலா."

"ஏன்?"

"ஆபீஸ் ஆளுங்க வருவாங்க."

"வந்தா என்ன?"

கல்யாணசுந்தரம் தோசையைப் பிய்த்துக் காபியில் தோய்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். "சட்னி நல்லாருக்கு" என்றார்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்னி இன்னும் மிக்ஸியில் இருந்தது.

---

பத்து மணிக்கு மூன்று பேரும், ஊருக்கு வெளியே பட்டறைகள் நிறைந்த முசஃபாவுக்குக் கிளம்பினார்கள். அங்கே மீராசா என்று ஒருவர் பழைய சைக்கிளும் உடற்பயிற்சிச் சாமான்களும் விற்கிறார் என்று சுஷ்மிதா கண்டுபிடித்திருந்தாள்.

அந்த ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தை நான் விவரித்தால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன். எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் ஒரு ஜாடி கல்லுப்பு வைத்திருந்தார். காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து அது இரண்டே நாளில் கடல் தண்ணீராகிவிட்டது. மூன்றாம் நாள் அதில் ஒரு மீன் துள்ளியது என்று அவர் சத்தியம் செய்கிறார். என்ன மீன் என்று கேட்டால்தான் மழுப்புகிறார்.

கார் பாலத்தைத் தாண்டியது. சந்திரகலா முன் சீட்டில் கைப்பையை மடியில் அணைத்தபடி தன்னுடைய சோதனையைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

சோதனை இதுதான். வளைகுடாவில் கடைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. இருக்கப் போகிறவர்கள் விலை கேட்பார்கள். ஊருக்குப் போகப் போகிறவர்கள் எத்தனை கிலோ என்று கேட்பார்கள். விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்பது ரத்தத்தில் ஊறிய விஷயம். சந்திரகலாவின் பெரியப்பா மகன் குவைத்தில், ஃபர்வானியாவில் இருக்கிறார். பிரசவ அறையிலிருந்து நர்ஸ் அவருடைய முதல் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவர் ஒரு தடவை ஏந்திப் பார்த்துவிட்டு, "மூணு கிலோ இருநூறு. ஹேண்ட் லக்கேஜ்லயே போயிரும்" என்றார். தகப்பனாக அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

இவரும் கிலோ கேட்டால் முடிந்தது கதை. கேட்காவிட்டால் கார்ட்டன் வேறு யாருக்கோ.

---

மீராசா கீழக்கரைக்காரர். வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மின்விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்திருந்தார்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. வாம்மா. என்ன வேணும்? உடம்பு குறையணுமா, கூடணுமா? ரெண்டுக்கும் மெஷின் இருக்கு."

கடை நீளமாக, இருட்டாக இருந்தது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு நொடி நீல வெளிச்சம் அடித்தது. அந்த ஒரு நொடியில் வரிசை வரிசையாக ட்ரெட்மில்களும் சைக்கிள்களும் தெரிந்தன, பிறகு மறைந்தன. ஒரு ட்ரெட்மில்லின் கைப்பிடியில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய மயில் ஸ்டிக்கர் இருந்தது. இன்னொன்றில் ஒரு பெண்ணின் ஹேர்பேண்ட் மாட்டியபடியே இருந்தது.

"இதெல்லாம் யாரோடது?" என்று கேட்டாள் சந்திரகலா.

"ஊருக்குப் போனவங்க விட்டுட்டுப் போனதுக்கா. எல்லாம் நல்ல சாமான். ஆளுங்கதான் நிக்கல, சாமான் நிக்குது."

கல்யாணசுந்தரம் ஓர் அடி பின்னால் நகர்ந்து, மறுபடி முன்னால் வந்தார்.

"சைக்கிள் டிரெய்னர் வேணும். சாதாரணமா, சின்ன பட்ஜெட்ல."

"இருபத்தாறு இஞ்ச் வீல்" என்றாள் சுஷ்மிதா. "என்னோட சைக்கிள். பால்கனியில சும்மா நிக்குது."

மீராசா உள்ளிருந்து கறுப்பாக ஒன்றைத் தூக்கி வந்து தரையில் விரித்து வைத்தார். இரண்டு கால்கள், நடுவில் ஓர் உருளை, உருளையின் பக்கத்தில் தட்டு மாதிரி ஒரு காந்தம். "இந்தக் காந்தம்தாண்ணே மலை. இந்தத் திருகைத் திருப்புனா மலை ஏறும், அப்படித் திருப்புனா இறங்கும். நோவு உள்ள ஆளா நீங்க? அப்ப இறக்கத்துலயே வெச்சுக்கங்க."

"சத்தம் வருமா?"

"பொய் சொல்ல மாட்டேன். வரும். ஆனா பலன் பாருங்க. புஜைராவுல ஒரு கப்பல் இன்ஜினியர் இதே மாடல் வாங்கிட்டுப் போனாரு. மூணே மாசம். தொப்பை கரைஞ்சு, கன்னம் ஒட்டி, ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் போட்டோவுக்கும் முகத்துக்கும் பொருந்தலைன்னு நிறுத்திட்டாங்க. பொண்டாட்டி போன்ல பேசி, குரலை வெச்சு அடையாளம் சொல்லித்தான் வெளிய விட்டாங்க."

சுஷ்மிதா சிரித்தாள். சந்திரகலா சிரிக்கவில்லை. அவள் கணவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணசுந்தரம் குனிந்தார். ஸ்டாண்டின் காலை ஆட்டிப் பார்த்தார். உருளையை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினார்.

இதோ கிலோ கேட்கப் போகிறார் என்று சந்திரகலாவுக்குத் தோன்றியது.

அவர் அதைக் கீழே வைத்தார். "என்ன விலை?" என்று கேட்டார்.

"இருநூத்தம்பது திர்ஹம்ணே."

"இருநூறு."

"உங்களுக்காக இருநூத்தி இருபது."

சந்திரகலாவின் முதுகிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கினார்கள். விலை கேட்டார்! பேரம்கூடப் பேசுகிறார்! கிலோ கேட்கவேயில்லை. அவளுக்கு அந்த ஸ்டாண்டின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மூன்று நாளாக எதிர்த்தவள், "அந்த ரப்பர் மேட்டையும் சேர்த்துக் குடுங்கண்ணே. கீழ் வீட்ல ஒரு பொண்ணு தூங்குது, பாவம்" என்றாள்.

"குடுத்துருவோம்க்கா."

அப்போதுதான் கல்யாணசுந்தரம் ஸ்டாண்டின் கால்களை மடக்கினார். அது தட்டையாகப் படுத்தது. தரையிலிருந்து அதன் உயரத்தைக் கைச்சாணால் அளந்தார். ஒரு சாண், நாலு விரல்.

"இப்படி மடக்கினா கட்டிலுக்கு அடியில போயிரும்ல?"

"எந்தக் கட்டில்ணே? ரெண்டடுக்கு இரும்புக் கட்டிலா?" என்றார் மீராசா, வழக்கமாகக் கேட்கிற தொனியில்.

"ஆமா, அதான்."

"தாராளமாப் போகும். ரூம்ல பசங்க நிறைய பேர் அப்படித்தான் தள்ளி வெச்சுக்கறாங்க."

பட்டறையில் வெல்டிங் பொறி பறந்தது. நீல வெளிச்சத்தில் கணவனின் முதுகு மட்டும் தெரிந்தது சந்திரகலாவுக்கு.

அவர்கள் வீட்டில் இருப்பது மரப்பெட்டிக் கட்டில். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அடியில் ஒரு கரண்டிகூடப் போகாது. சுஷ்மிதாவின் கட்டிலும் அப்படித்தான். இரும்பில், இரண்டு அடுக்காக, கீழே ஒருவன் மேலே ஒருவன் படுக்கிற கட்டில் எங்கே இருக்கும் என்று அபுதாபியில் கைக்குழந்தைக்கும் தெரியும். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நிற்கிற ஆண்கள் ஐந்து ஆறு பேராகச் சேர்ந்து கிடக்கிற ரூமில் இருக்கும்.

அவர் ஊருக்குப் போகப் போகிறவர் அல்ல. அனுப்பப் போகிறவர். கிலோ கேட்க அவருக்கு அவசியமே இல்லை.

அவள் சோதனையில் பிழை இல்லை. வினாத்தாள்தான் வேறாகிவிட்டது.

"அண்ணே" என்றாள் மீராசாவிடம். குரல் நன்றாகவே வந்தது. "மடக்க முடியாதது ஏதாவது இருக்கா?"

"மடக்க முடியாததா? எல்லாரும் மடங்குறதைத்தான கேப்பாங்க?"

"நான் மடங்காததைக் கேக்கறேன்."

மீராசா மோவாயைச் சொறிந்தார். "ஒண்ணு கெடக்கு. ஆனா உங்களுக்கு ஆகாதுக்கா. மடிப்பு உடைஞ்சு வந்துச்சு. பக்கத்து வெல்டர்கிட்ட குடுத்தேன். அந்த ஆளு என்ன கோவத்துல இருந்தாரோ, நாலு காலையும் விரிச்சு வெச்சு அப்படியே பத்த வெச்சுட்டாரு. இனி அதை யானை மிதிச்சாலும் மடங்காது. நாலடி இடத்தை அடைச்சிரும். நூத்திருபதுக்குக் குடுத்துர்றேன்."

"அதையே குடுங்க."

"கலா, அது பெருசு" என்றார் கல்யாணசுந்தரம்.

"நம்ம வீடும் பெருசுதான."

"தூக்கிட்டுப் போறது கஷ்டம்."

"எங்க தூக்கிட்டுப் போகணும்?"

கல்யாணசுந்தரம் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு, தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போல, கையிலிருந்த மடங்கிய ஸ்டாண்டை மெல்லக் கீழே வைத்தார்.

சுஷ்மிதா இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லக் கழன்றது.

"அப்பா" என்றாள். "அம்மா சொல்றதை வாங்குங்க."

---

மடங்காத டிரெய்னர் டிக்கியில் போகவில்லை. பின் சீட்டில் சுஷ்மிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலை அவள் மடியில் நீட்டிக்கொண்டு வந்தது.

முதல் சிக்னலில் கார் நின்றது.

"எந்த ரூம்?" என்றாள் சந்திரகலா.

"என்ன ரூம்?"

"ரெண்டடுக்குக் கட்டில் போட்ட ரூம்."

சிக்னல் பச்சையாகி, பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கல்யாணசுந்தரம் வண்டியை நகர்த்தினார்.

"இங்கதான். முசஃபாவுலயே. எங்க ஸ்டோர்ல மாயாண்டி இருக்கான்ல, அவன் ரூம். அஞ்சு பேர். நெஞ்சு வலிக்காரன்னு சொல்லி எனக்குக் கீழ்க்கட்டில் தர்றேன்னாங்க."

"அடேயப்பா. கீழ்க்கட்டில் வேறயா. ராஜ மரியாதைதான்."

"கலா, வேலை போகலை. அதை நினைச்சுப் பாரு. வேலை இருக்கு. அடுத்த மாசத்துலேருந்து வீட்டு வாடகை தர மாட்டாங்க, சம்பளமும் குறைச்சல். சம்மதம்னா கையெழுத்துப் போடு, இல்லைன்னா விசா கேன்சல்னாங்க. போட்டுட்டேன்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"நாங்க?"

"திருச்சிக்கு. கொஞ்ச நாளைக்கு."

"அப்பா." பின் சீட்டிலிருந்து சுஷ்மிதாவின் குரல் மெதுவாக வந்தது. "எனக்கு போர்டு எக்ஸாம் இங்கதான். லெவன்த்லயே ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. இப்ப போய் எந்த ஸ்கூல்ல என்னைச் சேத்துப்பாங்க? ஒரு வருஷம் போயிரும்ப்பா."

"பிரின்சிபால்கிட்ட பேசலாம்மா."

"பேசிட்டீங்களா?"

அவர் இண்டிகேட்டரைப் போட்டார்.

"சரி, அவ படிப்பை விடுங்க" என்றாள் சந்திரகலா. "நெஞ்சுக்குள்ள கம்பியை வெச்சுக்கிட்டு அஞ்சு ஆம்பளைங்களுக்கு நடுவுல நீங்க சைக்கிள் மிதிப்பீங்க. திடீர்னு வலிச்சா? மாயாண்டி எழுந்துப்பானா?"

கல்யாணசுந்தரம் நேர்மையாக யோசித்தார். "அவன் நல்லாத் தூங்குவான்" என்று ஒப்புக்கொண்டார்.

"கேளுங்க. மார்ச் வரைக்கும்தான். ஸ்டூடியோ ஒண்ணு பாப்போம். ஒரே ரூம். ஒரு மூலையில அவ படிக்கட்டும், ஒரு மூலையில நான் நாலு புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றேன். நடுவுல இந்த இரும்பைப் போட்டு நீங்க மிதிங்க. பரீட்சை முடியட்டும். அப்புறம் எந்த ஊருக்கு வேணும்னாலும் அனுப்புங்க. வீட்டை இப்ப விட்றாதீங்க, அவ்வளவுதான். வேற இடம் கிடைக்கிற வரைக்கும் விட்றாதீங்க."

"ம்."

"ம்-னா? ஏதாவது முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல கலா. இன்னும் எதுவும் முடிவாகலை."

இதை அவர் ஒரு ரவுண்டானாவில், ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே, எதிர்ப்பக்கம் பார்த்தபடி சொன்னார். ரவுண்டானாவில் சொல்லப்படுவதை நம்பக் கூடாது. சந்திரகலா நம்பினாள்.

---

வீட்டுக்கு வந்ததும் டிரெய்னரைப் படுக்கையறையில்தான் வைக்க முடிந்தது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் அது காலை அகட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் பால்கனிக்குப் போகலாம்; அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். சந்திரகலாவுக்குத் திருப்தியாக இருந்தது. இந்த வீட்டைவிட்டு இதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது சுவரை இடிக்க வேண்டும் என்று தோன்றியது.

சுஷ்மிதா சைக்கிளைத் துடைத்து, பின் சக்கரத்தைப் பூட்டி, உருளையோடு ஒட்டும்படி திருகினாள். சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கல்யாணசுந்தரம் ஏறி உட்கார்ந்தார். விரலில் நாடி பார்க்கிற கிளிப் மாட்டியாயிற்று.

"மெதுவா, அப்பா. பத்து நிமிஷம்தான் இன்னிக்கு."

மிதித்தார்.

சத்தம் வரும் என்று மீராசா சொன்னது அடக்கமான பேச்சு. அது முதலில் முனகியது, பிறகு உறுமியது. சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் வரிசையாக ஓரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தன. கடைசி டம்ளர் மட்டும் விளிம்பில் நின்று யோசித்துவிட்டுக் குதித்தது.

சந்திரகலா அதை எடுத்து வைத்தாள். உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டபடி இருந்தது.

"தொண்ணூத்தி ஆறு... தொண்ணூத்தி ஒன்பது... குட், அப்பா, இதே ஸ்பீடு."

சந்திரகலாவுக்கு அந்த எண்கள் பிடித்திருந்தன. அறையில் ஒருவர் மிதிக்க, ஒருவர் எண்ண, இவள் டம்ளரைப் பொறுக்க, வீடு ஓடுகிற மாதிரி இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

கீழ் வீட்டு நர்ஸ்தான். இவ்வளவு சீக்கிரமா! சந்திரகலா முகத்தில் ஒரு மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

வாசலில் வேறொரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். தலையில் ரோஜா நிறத் துணி சுற்றியிருந்தாள். கையில் ஓர் அளவு டேப்.

"சுந்தரம் சார் வீடுதானக்கா? நான் ஷிரின். ஆறு மணிக்குத்தான் வரச் சொன்னாங்க சார். கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரர் கீழ பார்க்கிங் தேடிட்டு இருக்காரு. அவர் வர்றதுக்குள்ள நான் அளவு எடுத்துர்றேன்."

"என்ன அளவு?"

"ஜன்னலுக்கு. கர்ட்டன் தைக்கக் குடுக்கணும்ல. ஒண்ணாந் தேதிக்குள்ள ரெடி ஆகணுமே."

சனிக்கிழமை ஆறு மணிக்கு சந்திரகலா வீட்டில் இருப்பதில்லை. சுஷ்மிதாவை இயற்பியல் டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏழரைக்குத்தான் திரும்புவாள். ஆறு மணிக்கு இந்தப் பெண் வந்திருந்தால் அளந்துவிட்டுப் போனதே தெரிந்திருக்காது.

"எந்த ஒண்ணாந் தேதி?" என்றாள்.

"வர்ற ஒண்ணாந் தேதிதாங்க்கா." ஷிரின் வெள்ளையாகச் சிரித்தாள். "இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. புதன்கிழமையே அட்வான்ஸ் குடுத்துட்டோமே. சார் சொல்லலியா? ஊருக்குப் போற அவசரத்துல மறந்திருப்பாங்க."

உள்ளே உருளை திடீரென்று வேகம் பிடித்தது. உறுமல் ஊளையாக மாறியது.

"நூத்தி ஒன்பது. அப்பா, மெதுவா. நூத்திப் பதிமூணு. அப்பா, என்ன பண்றீங்க? ஸ்லோ பண்ணுங்க, ப்ளீஸ். இருங்க, நான் தண்ணி எடுத்துட்டு வர்றேன். காலை நிறுத்துங்க!"

சுஷ்மிதா படுக்கையறையிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் புது முகத்தைப் பார்த்து ஹாலில் நின்றாள்.

"தங்கச்சி, இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கயேன்" என்று ஷிரின் டேப்பை இழுத்து நீட்டினாள். "அந்த ஓரம் வரைக்கும்."

பெரியவர்கள் எதை நீட்டினாலும் வாங்கிப் பழகிய பெண். சுஷ்மிதா வாங்கிக்கொண்டாள். பிறகுதான் தாயின் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கையில் இருப்பது என்னவென்று அவளுக்குப் புரிந்தது.

ஹாலுக்குக் குறுக்கே, இருவருக்கும் நடுவே, மஞ்சள் நாடா விறைப்பாக நின்றது.

உள்ளே சக்கரத்தின் சத்தம் தணிந்தது. ஊளை உறுமலாகி, உறுமல் முனகலாகி, மிதிக்க ஆளில்லாத சக்கரம் தானாகச் சுற்றி மெல்ல மெல்ல ஓய்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

சந்திரகலா காத்திருந்தாள். இப்போது அவர் காலை ஊன்றி இறங்க வேண்டும். செருப்பைத் தேட வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்று, ஒண்ணுமில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

காலடிச் சத்தம் வரவில்லை.

"என்னங்க?" என்றாள்.

ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"என்னங்க!"

சுஷ்மிதாவின் விரல்கள் தளர்ந்தன. டேப் சரசரவென்று தரையில் ஓடி, ஷிரினின் கையிலிருந்த கூட்டுக்குள் போய்ப் புகுந்துகொண்டது.